தகுதி நோக்காக் கிருபை: தென்மராட்சிக் கிறித்தவ வரலாற்றில் ஒரு கோட்பாடும் அதன் சமூக எல்லைகளும்

1

தமிழர் சமய வரலாற்றை ஆராய்ந்தோர் பலரும் அருள் என்னும் எண்ணக்கருவுக்குச் சிறப்பிடம் அளித்துள்ளனர். சைவ சித்தாந்தத்திலும் வைணவத்திலும் அது மையக் கருத்துகளுள் ஒன்றாக விளங்குவது. கிறித்தவத்தில், சிறப்பாகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் இறையியலில், ஏனைய கொள்கைகள் யாவும் அதன்மீதே கட்டப்பட்டுள்ளன. எனினும் இவ்வெண்ணக்கரு பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் தத்துவ நோக்கில் அமைந்தனவேயன்றி, அது வழங்கிய சமூகத்தின் நில உறவு, சாதி உறவு, அதிகார உறவு ஆகியவற்றோடு இணைத்து நோக்கியன அல்ல.

இறைவன் மனிதனின் தகுதியை நோக்காது அருள்புரிகின்றான் என்பது கிறித்தவக் கிருபைக் கோட்பாட்டின் சாரம். யாழ்ப்பாணச் சமூகமோ தகுதியைப் பிறப்பினால் வரையறுத்த சமூகம். கோயிலில் எவ்விடத்தில் நிற்கலாம், எக்கிணற்றில் நீர் அள்ளலாம், எவர் முன்னிலையில் சால்வையை இடுப்பிற் கட்டவேண்டும் என்பனவெல்லாம் தகுதி பற்றிய வினாக்களாகவே அங்கு இருந்தன. இத்தகைய சமூகத்தில் 'எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் எவருக்கும் கிருபை உண்டு' என்னும் போதனை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கிக்கப்பட்டு வந்துள்ளது. அப்போதனை அச்சமூகத்தில் யாது செய்தது? அச்சமூகம் அப்போதனையை யாது செய்தது? இவ்விரு வினாக்களையும் சாவகச்சேரியை நடுவாகக் கொண்ட தென்மராட்சிப் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்மராட்சியைத் தேர்ந்தமைக்குக் காரணமுண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கோயிற்பற்று அமைப்பு, அமெரிக்க மிஷனின் பணிநிலையம், சைவ மறுமலர்ச்சியின் கல்வி நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகிய நான்கினையும் ஒரே வட்டாரத்தில் இங்கு காணலாம். வண்ணார்பண்ணை, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்கள் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு இப்பகுதி பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2

முதற்கண் கோட்பாட்டைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். கிருபை என்பது கூலியன்று. செய்த நன்மைக்கு ஈடாகவோ செய்யவிருக்கும் நன்மையை எதிர்நோக்கியோ அது வழங்கப்படுவதில்லை. பெறுபவன் பாவி என்பதை நன்கறிந்தே அது வழங்கப்படுகின்றது. பவுலின் நிருபங்களில் வேரூன்றிய இக்கருத்தை ஐந்தாம் நூற்றாண்டில் ஒகஸ்தீன் பெலேகியுவுக்கு எதிராக நிலைநாட்டினார். மனிதன் தன் முயற்சியாலேயே நன்மையை அடையலாம் என்னும் பெலேகியுவின் கொள்கை 418 ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய சங்கத்தாற் கண்டிக்கப்பட்டது. 1517 ஆம் ஆண்டில் லூத்தர் எழுப்பிய வினா இதன் மறுபிறப்பே. பாவமன்னிப்புச் சீட்டுப் பணத்துக்கு விற்கப்பட்ட காலத்தில், விலை கொடுத்துப் பெறக்கூடியது கிருபையாகாது என்றார் அவர். கல்வினியர் இதனை மேலும் கொண்டு சென்றனர். மனிதனிடம் காணப்படும் எந்தத் தகுதியையும் முன்னிட்டு இறைவன் எவரையும் தெரிந்தெடுப்பதில்லை என 1618–19 இல் ஒல்லாந்திலே கூடிய டோர்ட் சங்கம் வகுத்தது. அதே 1619 ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று என்பதையும், நாற்பதாண்டு கழியுமுன் டோர்ட் சங்கத்தின் வழிவந்தோர் அவ்விராச்சியத்தின் புதிய ஆட்சியாளராயினர் என்பதையும் இவ்விடத்தே நினைவிற் கொள்ளலாம்.

இக்கோட்பாட்டின் சமூகப் பொருளை விளங்கிக்கொள்ளத் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி இயேசு கூறிய உவமை துணைசெய்யும். விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுதுசாயும் வேளையில் வந்தவனுக்கும் தோட்டக்காரன் ஒரே கூலியைக் கொடுக்கின்றான். காலையில் வந்தவன் முறையிடுகின்றான். அவனது முறைப்பாடு கூலிமுறையின் நியாயத்தைச் சார்ந்தது. தோட்டக்காரனின் செயலோ அந்நியாயத்துக்கு அப்பாற்பட்டது. நெல்லறுத்துச் சூடடித்த களத்திலே குடிமை முறைப்படி யாருக்கு எவ்வளவு என்பது பிறப்பினால் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்த தென்மராட்சி வயல்வெளியில் இவ்வுவமை கூறப்படும்போது அது வெறும் ஆன்மிகச் செய்தியாக மாத்திரம் நின்றுவிட முடியாது. கேட்போன் களத்தின் எப்பக்கத்தில் நிற்கின்றான் என்பதைப் பொறுத்து அதன் பொருள் வேறுபடும்.

3

ஒரு கோட்பாடு ஒரு மொழிக்குள் வரும்போது சொல்லின் வழியாகவே வருகின்றது. தமிழ்க் கிறித்தவர் இக்கருத்தைக் குறிக்கப் பல சொற்களை ஆண்டுள்ளனர். கத்தோலிக்கரிடையே இஷ்டப்பிரசாதம், பிரியதத்தம் முதலிய வடசொல்லாக்கங்கள் நெடுங்காலம் வழங்கின. அவற்றுட் சிலவற்றின் இடத்தைப் பிற்காலத்தில் அருள் என்னும் சொல் பெற்றது. புரட்டஸ்தாந்தரிடையே கிருபை என்னும் சொல்லே நிலைபெற்றது. 1714–15 இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்கு மொழிபெயர்ப்பு, பிலிப்பு தெ மெல்லோ செய்து 1759 இல் கொழும்பில் வெளிவந்த புதிய ஏற்பாடு, 1772 இல் வெளிவந்த பப்ரிசியுவின் புதிய ஏற்பாடு, பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநிற்க உருவாகி 1850 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, 1871 இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு என நீளும் வேதாகமத் தமிழின் வரலாற்றிலே யாழ்ப்பாணத்துக்கு உள்ள பங்கு சிறிதன்று.

கிருபை என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் இரக்கம். அது ஏற்கெனவே வைணவரிடையே வேரூன்றிய சொல். காரணம் எதுவுமின்றி இறைவன் கிருபை செய்கின்றான் என்னும் கருத்தைப் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் வலியுறுத்தினர். பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல இறைவன் உயிரைக் காக்கின்றான் என்பது அவர்தம் உவமை. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல உயிரும் முயலல் வேண்டும் என்பது வடகலையார் நிலை. அடியாரின் குற்றத்தையும் இறைவன் இனியதாக ஏற்கின்றான் என்று கூறுமளவுக்குத் தென்கலைச் சிந்தனை சென்றது. ஆகவே தகுதியற்றோர்மீது சுரக்கும் அருள் என்னும் கருத்து ஐரோப்பியர் கப்பலிலேறி வந்த முற்றிலும் புதிய சரக்கு எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்கருத்துக்கான சொல்லும் அதன் பொருட்டான விவாதமும் தமிழ் நிலத்தில் முன்னரே இருந்தன.

4

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுடன் வந்த பிலிப்பு பால்தேயு என்னும் போதகர் 1665 வரை இங்கு பணிபுரிந்தார். அவர் எழுதி 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியான நூல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோயிற்பற்றுகளை ஒவ்வொன்றாக விவரிக்கின்றது. தென்மராட்சியில் நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் ஆகிய ஐந்தினை அவர் குறிப்பிடுகின்றார். போர்த்துக்கேயர் காலத்துக் கோயிலும் பள்ளிக்கூடமுமே ஒல்லாந்தராற் சீர்திருத்தச் சபையின் கோயிலும் பள்ளிக்கூடமுமாக மாற்றப்பட்டன.

டோர்ட் சங்கத்தின் கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட சபை, கிருபையை எவ்வாறு வழங்கிற்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடிற் பெற்றோர் குற்றப்பணம் செலுத்தல் வேண்டும். பள்ளிக்கூடத் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அப்பதிவின்றி விவாகத்தின் சட்டத் தகைமையும் அதன்வழி வரும் முதுசொம் உரிமையும் ஐயத்துக்கிடமாயின. அரச பதவி பெறவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. சுருங்கக்கூறின், விலையின்றி வழங்கப்படுவதாகப் பிரசங்க பீடத்திற் கூறப்பட்ட கிருபையின் வெளியடையாளம், கச்சேரி மேசையில் நிலத்துக்கும் பதவிக்கும் உரிய அத்தாட்சிப் பத்திரமாயிற்று.

பால்தேயு தரும் கணக்கின்படி 1663 இல் யாழ்ப்பாணத்துக் கிறித்தவரின் தொகை 62,558. அடிமைகள் 2,587 பேர் இத்தொகையிற் சேர்க்கப்படாது தனியே எண்ணப்பட்டனர். இவ்விரு எண்களும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கவை. இறைவன் முன்னிலையில் எவருக்கும் தகுதியில்லை என்று போதித்த சபையின் பதிவேட்டிலே, தகுதியின்மையிலும் இருவகை இருந்தது. 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தி ஏற்றுக்கொண்டது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீக்கப்படுவதற்கு 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. தன்னைப் போன்ற இழிந்த பாவிக்கும் கிடைத்த கிருபையை வியந்து பாடி உலகப்புகழ் பெற்ற ஆங்கிலேயரான ஜோன் நியூட்டன் அடிமை வணிகக் கப்பலின் தலைவர். 1748 இல் கடற்புயலின் நடுவே மனந்திரும்பியதாக அவர் கூறுவர். ஆயினும் அதற்குப் பின்னரும் 1754 வரை அவ்வணிகத்திலேயே ஈடுபட்டிருந்தார். அவ்வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய சிறுநூல் 1788 இலேதான் வெளிவந்தது. பாவியின் உள்ளம் மாறுவதற்கும் பாவத்தின் அமைப்பு மாறுவதற்கும் இடையே நாற்பதாண்டு கழிந்தது. கிருபைக் கோட்பாட்டின் வரலாற்றில் இவ்விடைவெளி மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

ஒல்லாந்தர் சபையின் முடிவு யாவரும் அறிந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கணக்கிடப்பட்டனர். நிர்ப்பந்தமும் சலுகையும் நீங்கியவுடன் அத்தொகை சில ஆண்டுகளிற் கரைந்தது. 1806 இல் இங்கு வந்த குளோடியஸ் புக்கானன் கைவிடப்பட்ட கோயில்களையே கண்டார். மாறாக, அதே ஒல்லாந்தர் காலத்தில் அரச ஆதரவு எதுவுமின்றி, 1687 இல் கூலியாளின் கோலத்தில் மறைந்து வந்த கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் கட்டியெழுப்பிய கத்தோலிக்க சமூகம் நிலைத்து நின்றது. விலை குறிக்கப்பட்ட கிருபை விலை நீங்கியதும் மறைந்தது என்பதே இவ்வொப்பீடு தரும் பாடம்.

5

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஒல்லாந்தரின் அனுபவத்தை நன்கறிந்திருந்தனர். டானியல் பூவர், மெய்க்ஸ், றிச்சாட்ஸ், வாறன் ஆகியோர் நியூ இங்கிலாந்தின் கல்வினிய மரபில் வந்தவர்கள். பெயரளவிற் கிறித்தவரைச் சேர்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. சபையிற் சேர விரும்புவோர் தம் பாவநிலையை உணர்ந்தமைக்கும் மனந்திரும்பியமைக்கும் சான்று காட்டல் வேண்டும். நெடுங்காலப் பரீட்சைக்குப் பின்னரே ஞானஸ்நானமும் இராப்போசனமும் அளிக்கப்பட்டன. 1824 இல் தெல்லிப்பழையிலும் அயல் நிலையங்களிலும் நிகழ்ந்த எழுப்புதல் இவ்வகை அகமாற்றத்தை எதிர்நோக்கியதே.

1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கை வருவதை ஆங்கிலேய ஆட்சி அனுமதிக்கவில்லை. தடை நீங்கியதும் வந்த குழுவினரால் மிஷனின் பணி வலிகாமத்துக்கு அப்பால் விரிந்தது. 1830களின் நடுப்பகுதியில் சாவகச்சேரி, வரணி, உடுப்பிட்டி ஆகிய இடங்களில் நிலையங்கள் எழுந்தன. சாவகச்சேரியிற் பணிபுரிந்த சாமுவேல் ஹச்சிங்ஸ், நைற், ஸ்போல்டிங் ஆகியோர் தொகுத்த ஆங்கில–தமிழ் அகராதியைத் திருத்தியவராகவும் அறியப்படுகின்றார். அவ்வகராதி 1844 இல் சென்னையில் வெளிவந்தது. தென்மராட்சியிற் பிரசங்கித்தோர், தாம் சொல்ல வந்ததற்கு உரிய தமிழ்ச்சொல்லையும் தேடிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்று.

ஆயின் இங்கும் ஒரு முரண் தோன்றிற்று. கிருபைக்குத் தகுதி வேண்டியதில்லை என்பது போதனை. கிருபை பெற்றமைக்குச் சான்று வேண்டும் என்பது நடைமுறை. அச்சான்றைக் காட்டும் வாய்ப்போ கல்விகற்றோர்க்கே பெரிதும் கிட்டியது. தன் அகவாழ்வைச் சொற்களில் எடுத்துரைத்தல், வேதத்தை வாசித்து விளக்குதல், பரிசோதிப்போரின் வினாக்களுக்கு விடையிறுத்தல் ஆகியன பாடசாலை தரும் திறன்கள். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையிலும் இடம்பெற்றோர் பெரும்பாலும் வேளாளரும் அவரையொத்த சாதியினருமே. ஒல்லாந்தர் ஞானஸ்நானத்தை நிலத்தோடும் பதவியோடும் பிணைத்தனர். அமெரிக்கர் அதனைக் கல்வியோடு பிணைத்தனர். பின்னையது முன்னையதினும் மேன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்வி அரச உத்தியோகத்துக்கு வழியாக இருந்தமையால், அதுவும் ஒருவகைச் சமூக மூலதனமாகவே அமைந்தது. 1837 இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியினாற் கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. பிரசங்கத்துக்கும் பாடசாலைக்கும் இருந்த பிணைப்பின் பொருளாதார அடிப்படை அப்போது வெளிப்படையாயிற்று.

6

சைவர் இக்கோட்பாட்டை எதிர்கொண்ட முறை தனித்து நோக்கத்தக்கது. முத்துக்குமார கவிராயரின் ஞானக்கும்மி, 1854 இல் வெளிவந்த ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம், அதற்கு மறுப்பாகக் கறோல் விசுவநாதபிள்ளை எழுதிய சுப்பிரதீபம் ஆகியன அக்கால விவாதத்தின் வேகத்தைக் காட்டுவன. சுப்பிரதீபத்தை எழுதிய விசுவநாதபிள்ளை பின்னர் சைவத்துக்கே மீண்டார்.

தத்துவ நிலையிற் சைவர் முன்வைக்கக்கூடிய வினா வலிமையானது. வினைப்பயன் நுகர்ந்தே தீரவேண்டியது எனின், ஒருவர் வினையை மற்றொருவர் ஏற்றுத் தீர்ப்பது எங்ஙனம்? தகுதியற்றவனுக்கும் மன்னிப்பு உண்டெனின் ஒழுக்கத்துக்குரிய பற்றுக்கோடு யாது? சித்தாந்த நெறியில் அருள் என்றும் உள்ளது. உயிரை மறைத்து நிற்பதும் அருளின் ஒரு செயலே. ஆயினும் இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்க்கும்போதே சத்திநிபாதம் நிகழ்கின்றது. அஃதாவது, அருள் பக்குவத்தை நோக்கி இறங்குகின்றது. கிறித்தவக் கிருபையோ பக்குவமின்மையை நோக்கி இறங்குகின்றது. வேறுபாட்டின் நுனி இதுவே.

இதனாற் சைவத்திற் தகுதி கடந்த அருளுக்கு இடமில்லை எனக் கொள்ளுதல் தவறாகும். திருவருட்பயனை இயற்றிய உமாபதி சிவாசாரியார் தில்லையிலே பெற்றான் சாம்பான் என்னும் விறகு சுமக்கும் புலையருக்குத் தீக்கை அளித்து வீடுபேறு நல்கினார் என்பது மரபுவழி வரலாறு. அதனை ஐயுற்றோர்க்கு முன்னே முள்ளிச் செடிக்கும் அவர் முத்தியளித்துக் காட்டினார் என அவ்வரலாறு தொடர்கின்றது. செடிக்கு ஏது பக்குவம் என்னும் வினாவை மரபே எழுப்பிவிடுகின்றது. இத்தகைய கதைகள் இரு சமயத்திலும் உள்ளன. அக்கதைகளைப் போற்றிய நிறுவனங்கள் அக்கதைகளின் வழி நடக்கத் தயங்கின என்பதும் இரு சமயத்துக்கும் பொதுவானது.

சைவ எதிர்ப்புக்குச் சமூக வேரும் இருந்தது. எல்லாரும் பாவிகள் என்னும் கூற்று, ஆசாரத்தினாலும் குலத்தினாலும் உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோரைத் தாழ்ந்தோருடன் ஒரே வரிசையில் நிறுத்திற்று. அக்கூற்றிலுள்ள சமத்துவம் விரும்பத்தகாத சமத்துவமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய கல்விப்பணி பிற்காலத்திற் குடாநாடெங்கும் பரவிற்று. தென்மராட்சியில் 1904 இல் தோன்றிய சாவகச்சேரி இந்துக் கல்லூரி அவ்வியக்கத்தின் பயன்களுள் ஒன்று. அமெரிக்க மிஷன் வழிவந்த டிறிபேக் கல்லூரியும் அதுவும் ஒரே நகரில் அருகருகே வளர்ந்தன.

7

கிருபைக் கோட்பாடு சோதனைக்குள்ளான இடம் பிரசங்க பீடமன்று, இராப்போசன மேசையே. ஒரே அப்பத்திலும் ஒரே பாத்திரத்திலும் பங்குபெறுதல், தகுதியற்றோர் யாவரும் சமமாக ஏற்கப்பட்டனர் என்பதன் குறி. உடன் உண்ணாமையைச் சாதியின் முதல் இலக்கணமாகக் கொண்ட சமூகத்தில் அம்மேசை ஒரு புரட்சியின் வித்தாகும்.

தமிழகத்தில் இப்பிரச்சினை வெளிப்படையாக வெடித்தது. தஞ்சாவூர், வேப்பேரி முதலிய சபைகளில் இருக்கையிலும் பாத்திரத்திலும் சாதிமுறை பேணப்பட்டது. 1833 இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் அதனைக் கண்டித்துச் சுற்றுநிருபம் விடுத்தார். பலர் சபையை விட்டு நீங்கினர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோரால் 1834 இல் தொடங்கப்பெற்ற மதுரை மிஷன், 1847 இற் சாதி மறுப்புக்குச் சமபந்தியைச் சோதனையாக விதித்தது. அதனை மறுத்த உபதேசியார் பலர் பணியிழந்தனர்.

யாழ்ப்பாணத்தில் இணக்கமே மேலோங்கிற்று. தொடக்ககால விடுதிப் பாடசாலைகளில் மிஷன் வளவினுள் உண்ண மாணவர் மறுத்தமையால் வளவுக்கு வெளியே சைவச் சமையற்காரரைக் கொண்டு உணவு சமைக்கப்பட்டது. மாணவரைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட இவ்விட்டுக்கொடுப்பு காலப்போக்கில் ஒருவகை உடன்பாடாயிற்று. மேசை பொதுவாயிற்று, சமையலறையும் மணவறையும் பொதுவாகவில்லை. ஞாயிறு காலையில் ஒரே கிண்ணத்திற் பருகியோர் திருமணப் பேச்சிற் சாதியின் எல்லையைப் பெரும்பாலும் தாண்டவில்லை. ஆன்மாவின் தகுதியின்மையை ஒப்புக்கொண்டோர் குலத்தின் தகுதியை விட்டுக்கொடுக்கவில்லை எனலாம்.

இவ்வாறு கூறுவது மிஷனின் பணியைச் சிறுமைப்படுத்துவதாகாது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பலருக்கு எழுத்தறிவின் முதற்படி மிஷன் பாடசாலையே. 1924 இற் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகமும் அவர்தம் தோழர்களும் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலில் உருவானவர்கள். அவ்வியக்கம் சாதியையும் தீண்டாமையையும் எதிர்த்துக் குரலெழுப்பியது. 1929–30 இல் உதவிபெறும் பாடசாலைகளில் சமஆசனம் விதிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் எரியூட்டலும், இருக்கையின் உயரம் எத்துணைப் பெரிய இறையியற் பிரச்சினை என்பதை உணர்த்தின. வாங்கில் இருக்கவேண்டியவர் யார், நிலத்தில் இருக்கவேண்டியவர் யார் என்னும் வினா, தகுதி பற்றிய பழைய வினாவே.

8

இவ்வரலாற்றின் உச்சநிலையில் ஒரு நூலையும் ஒரு போராட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கலாம். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. சாவகச்சேரிச் சபையும் அவற்றுள் அடங்கும். அவ்வாதீனத்தின் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் கிருபை பற்றிய ஒப்பியலாய்வு நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1964 இல் அது இலண்டனில் வெளிவந்தது. கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபைக் கோட்பாடு வளர்ந்த முறையை இருதரப்பு மூலநூல்களையும் கொண்டு அது ஆராய்கின்றது. 1930 இல் ருடோல்ப் ஒற்றோ என்னும் ஜேர்மானிய அறிஞர் இந்தியாவின் கிருபை நெறியைக் கிறித்தவத்துடன் ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஆயினும் அந்நெறி வாழும் மண்ணில் வாழ்ந்து, அதன் மொழியிலே சிந்தித்த ஒருவர் எழுதிய நூல் என்ற வகையிற் குலேந்திரனின் ஆய்வு தனித்தன்மை வாய்ந்தது. ஒருகாலத்தில் கண்டனப் பிரசுரங்களாற் போரிட்ட இரு மரபுகள் ஓர் ஈழத்தமிழரின் கைகளிற் பொறுமையான ஒப்பீட்டுக்கு உரியனவாயின என்பது பெரிய வளர்ச்சி.

நூல் வெளிவந்து இரண்டாண்டு கழிந்ததும், 1966 ஒக்ரோபரில், தீண்டாமைக்கெதிரான வெகுஜனப் போராட்டம் யாழ்ப்பாணத்தில் எழுந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியிருந்தும் தேநீர்க்கடையும் கோயிலும் திறக்கப்படவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்தவை நாடறிந்தவை. தென்மராட்சியில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் அப்போராட்டத்தின் களங்களுள் ஒன்றாயிற்று. போராடியோரிற் பெரும்பாலோர் கிருபையின் மொழியிற் பேசவில்லை. உரிமையின் மொழியிற் பேசினர். அவர்கள் கேட்டது இரக்கமன்று. தகுதி என்னும் அளவுகோலே பொய் என்பதுதான் அவர்களது வாதம். ஆழ்ந்து நோக்கின், கிருபைக் கோட்பாட்டின் உட்கிடையும் அதுவேயாகும்.

கே. டானியல் தமது 'கானல்' நாவலில் ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டமை இவ்விடத்தே நினைவுகூரத்தக்கது. விடுதலை கிட்டும் என நம்பிக் கோயில் மாறியோருக்கு அது கானல்நீராயிற்று என்பதைத் தலைப்பே உணர்த்துகின்றது. இறையியலாளர் கூறாது விட்டதை நாவலாசிரியர் கூறினார்.

9

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தகுதி நோக்காக் கிருபை என்னும் கோட்பாட்டுக்குத் தென்மராட்சி வரலாற்றில் இருவகை வாசிப்பு இருந்தமை புலனாகும். முதலாவது, தனிமனிதனின் அகத்தைச் சார்ந்தது. 'நான் பாவி, எனக்கு மன்னிப்புக் கிடைத்தது' என்பதோடு அது அமைதியுறும். உடைமையையும் சாதியையும் அது தொடுவதில்லை. ஒல்லாந்தர் தோம்பு முதல் மிஷன் விடுதிச் சமையலறை வரை நிறுவனங்கள் இவ்வாசிப்பையே பேணின. நாற்சிகளுக்கு எதிராக நின்று 1945 இல் கொல்லப்பட்ட போன்ஹோபர் 1937 இல் எழுதிய நூலொன்றில் இத்தகையதை மலிவான கிருபை எனக் கடிந்தார். இரண்டாவது வாசிப்பு சமூகத்தைச் சார்ந்தது. எவருக்கும் தகுதியில்லை எனின், தகுதியின் பெயரால் எவரும் எவரையும் வாயிலில் நிறுத்த முடியாது என்பது அதன் முடிபு. இவ்வாசிப்பு ஆலயத்துக்குள் அரிதாகவே ஒலித்தது. பாடசாலை வாங்கிலும், தேநீர்க்கடை வாயிலிலும், கோயில் வீதியிலும் வேறு மொழியில் அது ஒலித்தது.

2000 ஆம் ஆண்டில் நிகழ்ந்த போரிற் சாவகச்சேரி நகரம் பேரழிவுக்குள்ளாயிற்று. வீடும் கடையும் கோயிலும் பாடசாலையும் பேதமின்றிச் சிதைந்தன. ஊரார் இடம்பெயர்ந்து, அகதிகளாக ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் பின்னர் மீண்டனர். அழிந்தவற்றை மீளக்கட்டும்போது பழைய மதில்களையும் அதே இடத்தில் மீளக்கட்டுவதா என்னும் வினா இன்றும் எழுகின்றது. அதற்குரிய விடையைத் தேடுவோர்க்குச் சைவத்திலே பெற்றான் சாம்பானின் கதையும் கிறித்தவத்திலே பொழுதுசாய வந்த வேலையாளின் கதையும் துணைநிற்கும். இரண்டும் கேட்டு மகிழ்வதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. களத்திலே கூலி அளக்கும்போதும் பந்தியிலே இலை போடும்போதும் நினைக்கப்படவேண்டியவை.